இறந்து 42 ஆண்டுகள் கழித்து முதலிடம்: ஹம்ஃப்ரி போகார்ட் எப்படிச் சகாப்தம் ஆனார்?

1999-ல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஹாலிவுட்டின் மகத்தான திரை லெஜண்டுகள் என்று 25 ஆண்களையும் 25 பெண்களையும் வரிசைப்படுத்தியது. பெண்களில் முதலிடம் கேத்தரின் ஹெப்பர்னுக்கு. ஆண்கள் பட்டியலில் கேரி கிராண்ட், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மார்லன் பிராண்டோ எல்லோரையும் தாண்டி மேலே நின்ற பெயர் ஹம்ஃப்ரி போகார்ட். அப்போது அவர் இறந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய ஹாலிவுட் படங்களோடு பழக்கமில்லாதவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். போகார்ட் பேரழகர் இல்லை. நடுத்தர உயரம், மேலுதட்டில் தழும்பு, சில எழுத்துகளில் லேசாகக் குழறும் நாக்கு. வாழ்நாளில் கிடைத்தது ஒரே ஒரு ஆஸ்கர். நடித்த சுமார் 75 படங்களில் இன்றைக்கு மக்கள் தேடிப் பார்ப்பது பத்தைத் தாண்டாது. கதாநாயகனாக அவர் காலூன்றியபோது வயது 41. இப்படிப்பட்டவர் எப்படி உச்சிக்குப் போனார் என்பதற்கு விடை, அவருடைய நடிப்பில் பாதியும் ஹாலிவுட்டின் வியாபார முறைகளில் பாதியுமாக இருக்கிறது.

## முதலில் இரண்டு சொற்கள்

‘ஸ்டார்’ என்றால், தன் பெயருக்காகவே டிக்கெட் விற்கக்கூடியவர். இது சந்தை தரும் பட்டம். மார்க்கெட் போனால் பட்டமும் போய்விடும்.

‘லெஜண்ட்’ என்ற சொல்லுக்கு அந்த இன்ஸ்டிட்யூட்டே ஒரு வரையறை வைத்திருந்தது. நடிகரின் முதல் படம் 1950-லோ அதற்கு முன்போ வந்திருக்க வேண்டும். பிறகு வந்தவர் என்றால், மறைந்து, அவருடைய கலைவாழ்வு முழுமையடைந்திருக்க வேண்டும். நல்ல வரையறைதான், ஆனால் தகுதி யாருக்கு என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணம் சொல்லவில்லை. என் பார்வையில் லெஜண்ட் என்பவர், தன் படங்கள் வெளியான காலத்தில் பிறந்திராதவர்களும் திரும்பத் திரும்பப் பார்க்கும் நடிகர். அப்படியானால் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. போகார்ட் எப்படி ஸ்டார் ஆனார்? அவர் இறந்த பிறகு அந்தப் படங்களை யார், எப்படி, ஏன் திரும்பப் பார்த்தார்கள்?

## ஸ்டுடியோ ஒப்பந்தம் என்ற கயிறு

1930-களில் ஹாலிவுட்டைச் சில பெரிய ஸ்டுடியோக்கள் ஆண்டன. படத்தை எடுப்பது, விநியோகிப்பது, ஓட்டும் தியேட்டர்களை வைத்திருப்பது என எல்லாமே அவர்கள் கையில். நடிகர் அங்கே மாதச் சம்பளக்காரர் மாதிரி. வழக்கமான ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்:

1. காலம் ஏழு ஆண்டு வரை. இடையிடையே ஒப்பந்தத்தைத் தொடர்வதா முறிப்பதா என்று முடிவு செய்யும் உரிமை ஸ்டுடியோவுக்கு மட்டும், நடிகருக்கு இல்லை.
2. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளம் நிறுத்தப்படும். சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களும் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்க்கப்படும். எனவே ஏழு ஆண்டு எப்போது முடியும் என்றே தெரியாது.
3. ஸ்டுடியோ விரும்பினால் நடிகரை வேறு ஸ்டுடியோவுக்கு வாடகைக்கு விடலாம்.

இரண்டாவது விதியை எதிர்த்து வார்னர் பிரதர்ஸ் மீது ஒலிவியா டி ஹாவிலண்ட் வழக்குப் போட்டு வென்றது 1944-ல். போகார்ட் உள்ளே நுழைந்தபோது அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நியூயார்க்கில் வசதியான வீட்டுப் பிள்ளை அவர். பிறந்தது 1899 டிசம்பர் 25. தந்தை மருத்துவர், தாய் மாட் ஹம்ஃப்ரி பெயர்பெற்ற ஓவியர். பெரிய பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1918-ல் கடற்படையில் சேர்ந்து, திரும்பி வந்து நாடக மேடை ஏறினார். 1930-ல் ஃபாக்ஸ் ஸ்டுடியோ கூப்பிட்டது. சில படங்களோடு சரி. மறுபடியும் மேடைக்கே போனார்.

திருப்பம் 1935-ல். ‘தி பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்’ நாடகத்தில் ட்யூக் மேன்டீ என்ற தப்பியோடிய கொலைகாரனாக அவர் நடித்தது பேசப்பட்டது. கதாநாயகன் லெஸ்லி ஹோவர்ட். படமாக்கும் உரிமையை வார்னர் வாங்கியதும், மேன்டீ வேடத்துக்குத் தன் ஸ்டார் எட்வர்ட் ஜி. ராபின்சனைப் போட நினைத்தது. போகார்ட் இல்லையென்றால் நானும் இல்லை என்று ஜாக் வார்னருக்குத் தந்தி அடித்தார் ஹோவர்ட். 1936-ல் படம் வந்தது, போகார்டுக்கு வார்னரின் ஒப்பந்தமும் வந்தது. ஹோவர்ட் பயணம் செய்த விமானம் 1943-ல் சுட்டு வீழ்த்தப்பட்டது. 1952-ல் பிறந்த தன் மகளுக்கு லெஸ்லி என்று பெயர் வைத்தார் போகார்ட்.

## சுட்டுச் சாகிற ஐந்து ஆண்டுகள்

வார்னரில் அப்போது கேங்ஸ்டர் படங்களுக்கு வரிசை இருந்தது: ஜேம்ஸ் காக்னி, ராபின்சன், பால் முனி, ஜார்ஜ் ராஃப்ட். இவர்களுக்கெல்லாம் பின்னால் போகார்ட். 1936 முதல் 1940 வரை சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் நடித்தார். பெரும்பாலும் நம்பிக்கைத் துரோகி, கோழை, கூட்டாளியின் முதுகில் குத்துபவன். ‘ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்’ படத்தில் காக்னி அவரைச் சுட்டுக் கொல்கிறார். ‘தி ரோரிங் ட்வென்டீஸ்’ படத்திலும் அதே காக்னி, அதே முடிவு. இந்த முறை சாகும் முன் கெஞ்சவும் செய்கிறார். இடையில் ஒரு திகில் படத்தில், செத்துப் பிழைத்து வந்து ரத்தம் தேடும் மருத்துவர் வேடம்கூடக் கொடுத்தார்கள்.

இந்த ஐந்து ஆண்டுகளை வீணான காலம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பின்னால் அவர் ஆன எல்லாமே இங்கேதான் விதைக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் அமெரிக்கப் பார்வையாளர் ஒரு பாடத்தைப் படித்துவிட்டார்: இந்த முகத்தை நம்பக்கூடாது.

## 1941: மற்றவர்கள் வேண்டாம் என்ற இரண்டு வேடங்கள்

‘ஹை சியரா’ படத்தின் கதாநாயகன் ராய் ஏர்ல், சிறையிலிருந்து வந்த கொள்ளைக்காரன். பால் முனி மறுத்தார், ஜார்ஜ் ராஃப்டும் மறுத்தார். போகார்டுக்கு வந்தது. அப்போதும் டைட்டிலில் முதல் பெயர் ஐடா லூபினோவுடையதுதான். கொலைக்கு அஞ்சாத அந்த மனிதன், கால் ஊனமான ஓர் இளம்பெண்ணின் அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுப்பான். ஒரு தெருநாயை உதறிவிட முடியாமல் கூடவே வைத்துக்கொள்வான். கடைசியில் மலைப்பாறைகளுக்கு நடுவே போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாவான். நம்பக்கூடாத முகத்துக்குள் வேறொன்றும் இருக்கிறது என்பது முதன்முறையாகத் தெரிந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’. டேஷியல் ஹாமெட்டின் நாவலை வார்னர் ஏற்கெனவே இரண்டு முறை படமாக்கியிருந்தது. மூன்றாவது முயற்சியை, அதுவரை ஒரு படமும் இயக்கியிராத ஜான் ஹியூஸ்டனிடம் கொடுத்தார்கள். புது இயக்குநரிடம் நடிக்க ராஃப்ட் தயாராக இல்லை. இரண்டாவது முறையும் அவர் விட்டுப்போன நாற்காலியில் போகார்ட் உட்கார்ந்தார்.

இதில் ஒரு சின்னக் காட்சியை நின்று பார்க்க வேண்டும். துப்பறிவாளன் சாம் ஸ்பேட், பருத்த வில்லன் கட்மனின் ஹோட்டல் அறையில் கோபத்தில் கண்ணாடிக் குவளையை உடைத்து, சத்தம் போட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வருகிறான். வராந்தாவில் நடக்கும்போது முகம் மாறுகிறது, சிரிப்பு வருகிறது. அப்படியானால் கோபம் நடிப்பு. உடனே தன் கையைத் தூக்கிப் பார்க்கிறான். கை நடுங்குகிறது. அதைப் பார்த்தும் சிரிக்கிறான். உள்ளே ஆடியது நாடகமா, உண்மையிலேயே பயந்தானா? இரண்டும்தான். வசனமே இல்லாமல் சில நொடிகளில் முடிந்துவிடுகிற இந்த இடத்தில் போகார்டின் திரைப் பிம்பம் முழுசாக இருக்கிறது. மேலே கடுமை, உள்ளே நடுக்கம், நடுக்கத்தைத் தானே வேடிக்கை பார்க்கும் ஒரு தெளிவு.

ராஃப்ட் கோட்டைவிட்டார், போகார்டுக்கு அதிர்ஷ்டம் என்று இந்தக் கதையைச் சுருக்கிவிடுவார்கள். வாய்ப்பு வந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் ராஃப்ட் திரையில் தன் மதிப்பைக் கவனமாகக் காத்துக்கொள்பவர். காத்துக்கொள்ளும் நடிகரால் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்திருக்க முடியாது.

## காசாபிளாங்கா: வில்லன் முகம் ஏன் தேவைப்பட்டது

முதலில் ஒரு தவறான தகவலைத் தள்ளிவைப்போம். இந்தப் படத்தின் கதாநாயகனாக முதலில் தேர்வானவர் ரொனால்ட் ரீகன் என்று இன்றும் சொல்கிறார்கள். 1942 ஜனவரியில் ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவு விட்ட செய்தி அது, அவ்வளவே. ராஃப்டைப் போடலாமா என்று ஜாக் வார்னர் கேட்டபோதும், தயாரிப்பாளர் ஹால் வாலிஸ், வேடம் போகார்டுக்காகவே எழுதப்படுகிறது என்று சொல்லி முடித்துவிட்டார்.

கதாநாயகன் ரிக், மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் மதுவிடுதி நடத்தும் அமெரிக்கன். அவன் அறிமுகமாகும் விதத்தைப் பாருங்கள். படம் தொடங்கிச் சில நிமிடங்கள் வரை எல்லோரும் அவன் பெயரைச் சொல்கிறார்கள், முகம் மட்டும் இல்லை. பிறகு ஒரு கை. ஆயிரம் பிராங்க் முன்பணச் சீட்டில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. மேஜையில் சதுரங்கப் பலகை, எதிரே ஆட்டக்காரர் இல்லை. கை சிகரெட்டை எடுக்க, கேமரா அதோடு மேலே போய் முகத்தைக் காட்டுகிறது. தனியாக ஆடுகிற மனிதன் என்று சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. போகார்ட் நிஜத்திலும் தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர்.

சிறிது நேரத்தில், போலீஸ் துரத்தும் ஒருவன் ரிக்கிடம் வந்து காப்பாற்றச் சொல்லிக் கதறுகிறான். ரிக் அசையவில்லை. யாருக்காகவும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்கிறான். 1942-ன் பார்வையாளர் அதை அப்படியே நம்பினார். ஐந்து ஆண்டாகத் துரோகியாகவே பார்த்த முகம் அல்லவா? அதனால்தான் கடைசிக் கால் மணி நேரம் வேலை செய்கிறது. காதலியின் கணவனைப் போலீசிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவளோடு தப்பிப்பதாக ரிக் திட்டம் சொல்லும்போது, செய்துவிடுவானோ என்ற பயம் நமக்கு வருகிறது. கேரி கிராண்ட் போன்ற ஒருவர் அங்கே நின்றிருந்தால் அந்தப் பயமே எழுந்திருக்காது. விமான நிலையத்தில் அவன் அவளைக் கணவனோடு அனுப்பிவைப்பதை, ஒரு நல்லவன் நல்லது செய்வதாக நாம் பார்ப்பதில்லை. கெட்டவனாகவே வாழ்ந்துவிடக்கூடிய ஒருவன், நம் கண் முன்னே அதைக் கைவிடுகிறான்.

காலமும் கூடி வந்தது. 1942 நவம்பர் 8 அன்று நேச நாட்டுப் படைகள் மொராக்கோ, அல்ஜீரியக் கரைகளில் இறங்கின. காசாபிளாங்கா என்ற ஊர்ப்பெயர் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. படம் நவம்பர் 26-ல் நியூயார்க்கில் வெளியானது. 1943 ஜனவரியில் நாடு முழுதும் திரையிட்டபோது, ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அதே ஊரில் மாநாடு நடத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்காகவும் கழுத்தை நீட்டாத அமெரிக்கன் கடைசியில் ஒரு பக்கம் எடுக்கிறான் என்ற கதை, போருக்குள் வந்து ஓராண்டே ஆகியிருந்த ஒரு நாட்டுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் காட்சியில் நடித்த துணை நடிகர்களில் பலர், ஐரோப்பாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த நிஜ அகதிகள். இசைக்குழு ரிக்கைப் பார்க்கிறது. அவன் தலையை லேசாக அசைக்கிறான். அவ்வளவுதான் அவன் பங்கு.

படத்துக்குச் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என மூன்று ஆஸ்கர். பரிந்துரைக்கப்பட்ட போகார்டுக்கு இல்லை. அது பால் லூக்காஸுக்குப் போனது.

## ஸ்டாராக இருந்த ஆண்டுகள்

இதை வேகமாகக் கடக்கலாம். 1944-ல் ஹாவர்ட் ஹாக்ஸின் படத்தில் 19 வயது லாரன் பகால் ஜோடி. 1945 மே 21 அன்று திருமணம். 1946-ல் ‘தி பிக் ஸ்லீப்’. 1948-ல் ஹியூஸ்டனோடு ‘தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாட்ரே’. அதில் பேராசையால் புத்தி பேதலிக்கும் பரதேசியாக, ஸ்டார் அந்தஸ்து பற்றிக் கவலையே இல்லாமல் நடித்தார். அதே ஆண்டு சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கி, தன் பாய்மரப் படகின் பெயரான சான்டானாவையே அதற்கும் வைத்தார். 1951-ல் ஆப்பிரிக்காவுக்கே போய் எடுத்த ‘தி ஆப்பிரிக்கன் குவீன்’ அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. அந்த ஆண்டு தோற்றவர்களில் மார்லன் பிராண்டோவும் ஒருவர்.

## 1947: பிம்பமும் மனிதரும்

1947 அக்டோபரில், ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்களா என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அதைக் கண்டித்து போகார்ட், பகால், ஹியூஸ்டன் உள்ளிட்டோர் வாஷிங்டனுக்கு விமானத்தில் போனார்கள். போனவர்களுக்கு எதிர்ப்பு வலுத்தது. 1948 மார்ச்சில் ‘நான் கம்யூனிஸ்ட் இல்லை’ என்ற தலைப்பில் ஒரு திரைப்பட இதழில் போகார்ட் பெயரில் கட்டுரை வந்தது. அந்தப் பயணத்திலிருந்து அவர் விலகிக்கொண்டார்.

இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவது நியாயமாகாது. திரையில் ரிக் வளையவில்லை. வெளியே போகார்ட் வளைந்தார். அந்த விசாரணையால் வேலை பறிபோய், சிறைக்கும் போன எழுத்தாளர்களைப் பார்த்த பிறகு அவரைக் கடுமையாகத் தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சகாப்தம் என்ற சொல் இந்தப் பக்கத்தை மறைத்துவிடுகிறது என்பதை வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும்.

1957 ஜனவரி 14 அன்று உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 57 வயதில் இறந்தார். இறுதிச் சடங்கில் சவப்பெட்டிக்குப் பதில், கண்ணாடிப் பேழைக்குள் சான்டானா படகின் மாதிரி வைக்கப்பட்டிருந்தது. இரங்கல் உரை ஹியூஸ்டன்.

## பிறகுதான் லெஜண்ட்

ஸ்டாராக இறந்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட இன்று நினைவில்லை. போகார்டின் படங்களுக்கு மூன்று வழிகள் திறந்தன.

1. பாரிஸ். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சுக்குள் அமெரிக்கப் படங்கள் வரவில்லை. 1946 கோடையில் தேங்கியிருந்தவை மொத்தமாக வந்து இறங்கின. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ அவற்றில் ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த விமர்சகர்கள், இந்த இருண்ட குற்றப் படங்களுக்கு ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம், என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவில் பிழைப்புக்காக எடுத்தவை பிரான்சில் கலை வகையாயின. போகார்ட் இறந்ததும் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாசான் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1960-ல் பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் ‘ப்ரெத்லெஸ்’ படத்தில் ஜான் பால் பெல்மோண்டோ ஒரு தியேட்டர் வாசலில் போகார்டின் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, கட்டைவிரலால் தன் உதட்டைத் தடவுவார்.

2. தொலைக்காட்சி. 1956-ல் வார்னர் தன் 1950-க்கு முந்தைய படங்களை 2.1 கோடி டாலருக்கு ஒரு விநியோக நிறுவனத்திடம் விற்றது. அவை அப்படியே உள்ளூர் டிவி நிலையங்களுக்குப் போயின. போகார்டின் சிறந்த படங்களில் பல 1941–48 காலத்தவை. எல்லாம் அந்த மூட்டையில் இருந்தன. நள்ளிரவு நேரத்தை நிரப்ப நிலையங்கள் அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டன. ஸ்டுடியோ கணக்கு முடித்து விற்ற சரக்கு, ஒரு தலைமுறைக்கே பாடமாயிற்று.

3. பல்கலைக்கழக வட்டாரம். மாசசூசெட்ஸில் ஹார்வர்டுக்கு அருகே பிராட்டில் என்ற சிறிய தியேட்டர் 1957-ல் ‘காசாபிளாங்கா’வைத் திரையிட்டது. வரவேற்பைப் பார்த்து, தேர்வுக் காலங்களில் போகார்ட் படங்களையே வரிசையாகப் போடத் தொடங்கினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு வந்த மாணவர்கள் வசனங்களைத் திரையோடு சேர்ந்து சொன்னார்கள். பெரியவர்கள் சொல்லும் பெரிய வார்த்தைகளை நம்பாத, ஆனால் எதையாவது நம்ப ஏங்கிய அந்த வயதுக்கு ரிக் சரியாகப் பொருந்தினான்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்றைக் கவனிக்கலாம்: எதையும் போகார்டோ ஸ்டுடியோவோ திட்டமிடவில்லை. ஆனால் அந்த வழிகளில் வார்னரின் மற்ற ஸ்டார்களும்தான் போனார்கள். திரும்பிப் பார்க்கும்போது தாங்கியது போகார்டின் நடிப்பு. முடிவு தெரிந்த பிறகும் அந்த முகத்தில் பார்க்க இன்னொன்று மிச்சமிருக்கிறது. கை நடுங்குவதை இரண்டாம் முறைதான் பலர் கவனிக்கிறார்கள்.

## இதன் விளைவுகள்

பழைய படங்களுக்கு இவ்வளவு மதிப்பு என்று தெரிந்ததும் அவற்றின் மேல் சண்டையும் வந்தது. 1988-ல் ‘காசாபிளாங்கா’வுக்குக் கணினியால் வண்ணம் பூசி டிவியில் காட்டினார்கள். இப்படி வண்ணம் பூசுவதற்கு எழுந்த எதிர்ப்பின் சூட்டில் அதே ஆண்டு படப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1989-ல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்த முதல் 25 படங்களில் ‘காசாபிளாங்கா’, ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ இரண்டும் உண்டு. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்துக்காகச் செய்த பருந்துச் சிலைகளில் ஒன்று 2013-ல் 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இன்னொரு போகார்ட் வருவாரா என்று கேட்பவர்களுக்கு: இன்றைய நடிகருக்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து துரோகியாக நடித்துச் சாக யாரும் சம்பளம் தருவதில்லை, 41 வயதுவரை காத்திருக்கவும் விடுவதில்லை. ஊரே ஒரே நள்ளிரவுப் படத்தைப் பார்த்த காலமும் போய்விட்டது; ஸ்ட்ரீமிங்கில் ஆளுக்கொரு படம். பிராட்டில் தியேட்டர் மட்டும் இன்னும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 14-ஐ ஒட்டி, காதலர்கள் ஜோடியாக வந்து உட்கார, காதலியை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பனிமூட்டத்துக்குள் நடந்துபோகும் அந்த மனிதன் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறான்.